கவுன்டிப் பதிவேடுகளில் லிங்கனின் அப்பா

தமிழ் மேடைகளில் ஆபிரகாம் லிங்கனின் அப்பா செருப்புத் தைக்கும் தொழிலாளி. லிங்கன் அதிபரான புதிதில் செனட்டில் பேச எழுகிறார். பணக்கார உறுப்பினர் ஒருவர் காலைத் தூக்கிக் காட்டி, "இது உங்கள் அப்பா தைத்த செருப்பு, மறந்துவிடாதீர்கள்" என்கிறார். லிங்கன் நிதானமாக, "கடித்தாலோ கிழிந்தாலோ சொல்லுங்கள், எனக்கும் தைக்கத் தெரியும்" என்று பதில் சொல்கிறார். பட்டிமன்றத்தில், தன்னம்பிக்கை நூல்களில், வாட்ஸ்அப்பில் இந்தக் கதை சளைக்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. கைதட்டல் வாங்கித் தரும் கதைதான். ஆனால் கென்டக்கி மாநிலம் ஹார்டின் கவுன்டியின் பழைய பதிவேடுகளில் தாமஸ் லிங்கன் என்ற பெயரைத் தேடிப் போனால், செருப்பும் தோலும் கண்ணில் படுவதில்லை. அங்கே கிடைப்பவர் ஒரு தச்சர், விவசாயி, வரி கட்டுபவர், ஜூரியில் உட்கார்ந்தவர், கூலி பாக்கிக்காக வழக்குப் போட்டு ஜெயித்தவர்.

அமெரிக்கர்களிடமும் இதே போல ஒரு கதை உண்டு. லிங்கனின் பழைய வாழ்க்கை வரலாறுகள் பலவற்றில் தாமஸ் ஒரு சோம்பேறி, ஓரிடத்தில் நிலையாக இருக்கத் தெரியாதவர், கையில் காசு தங்காதவர். இரண்டு கதைகளுக்கும் தேவை ஒன்றுதான்: மகன் உயரமாகத் தெரிய வேண்டும் என்றால் அப்பா பள்ளத்தில் நிற்க வேண்டும். 1920களில் லூயிஸ் வாரன் என்ற ஆய்வாளர் கென்டக்கி நீதிமன்றங்களின் கட்டுகளை அவிழ்த்து ஒவ்வொரு தாளாகப் பார்த்து, 1926-இல் லிங்கனின் பெற்றோரையும் பிள்ளைப் பருவத்தையும் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பழைய சித்திரம் சரியத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

அந்தக் காலத்துக் கென்டக்கியில் ஒரு குடும்பத்தைத் தேடுவது எத்தகைய வேலை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மாசசூசெட்ஸ் போன்ற வடக்குக் குடியேற்றங்களில் 17-ஆம் நூற்றாண்டிலேயே ஊர்க் குமாஸ்தா பிறப்பு, திருமணம், இறப்பை எழுதி வைத்தார். வர்ஜீனியாவிலும் அதிலிருந்து பிரிந்த கென்டக்கியிலும் அப்படி இல்லை. கென்டக்கி அரசு பிறப்பையும் இறப்பையும் பதியச் சட்டம் போட்டதே 1852-இல்தான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1790-இல் தொடங்கியது என்றாலும் 1850 வரை குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே எழுதப்பட்டது. மனைவியும் பிள்ளைகளும் வயதுக் கட்டங்களில் வெறும் எண்ணிக்கை. கென்டக்கியைப் பொறுத்தவரை 1790, 1800 கணக்கெடுப்புத் தாள்கள் அதுவும் இல்லாமல் தொலைந்தே போயின. எஞ்சுபவை வரிப் பட்டியல், நிலப் பத்திரம், வழக்குக் கட்டு, திருமணப் பிணை, உயில், இறந்தவரின் சொத்துக் கணக்கு, திருச்சபைக் கூட்டக் குறிப்பு, கடைப் பேரேடு ஆகியவைதான். ஆக, காசோ நிலமோ கைமாறும்போதுதான் குமாஸ்தாவின் பேனா அசைகிறது. குடும்பம் எப்படி வாழ்ந்தது என்பதை இந்தக் கணக்கு வழக்குகளின் ஓரத்திலிருந்து பொறுக்கி எடுக்க வேண்டும்.

தன் வேர்களைத் தேடுவதில் லிங்கனுக்கே ஆர்வம் இருந்தது. 1848-இல் அவர் வாஷிங்டனில் பிரதிநிதிகள் சபை உறுப்பினர். மாசசூசெட்ஸின் ஹிங்ஹாம் ஊர் வரலாற்றை எழுதிய சாலமன் லிங்கன் என்பவர், நீங்கள் எங்கள் லிங்கன்களைச் சேர்ந்தவரா என்று விசாரித்து எழுதினார். ஆபிரகாம் சொன்ன பதில் தாத்தாவோடு நின்றுவிட்டது: அவர் பெயரும் ஆபிரகாம், வர்ஜீனியாவின் ராக்கிங்ஹாம் கவுன்டியிலிருந்து கென்டக்கிக்குப் போனவர், அதற்கு முன் பென்சில்வேனியா, குடும்பம் குவேக்கர் வழி என்று சொல்லக் கேள்வி. பிறகு ராக்கிங்ஹாமில் டேவிட் லிங்கன் என்று ஒருவர் இருப்பது தெரிந்து அவருக்கும் கடிதம் எழுதி விசாரித்தார். அவர் உறவினர்தான். ஆனாலும் ஹிங்ஹாம் தொடர்பு பிடிபடவில்லை. இரு குடும்பங்களிலும் மார்டெகாய், ஆபிரகாம் போன்ற பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன, அதற்கு மேல் ஒன்றும் தேறவில்லை என்ற பொருளில் 1859-இல் எழுதினார்.

தேறியது அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு. அவர் பிறந்த நூற்றாண்டான 1909-இல் லீ, ஹட்சின்சன் இருவரும் சேர்ந்து அவருடைய முன்னோர் வரலாற்றை ஆவணங்களோடு வெளியிட்டார்கள். இங்கிலாந்தின் நார்ஃபோக்கிலிருந்து 1637-இல் கப்பலேறி ஹிங்ஹாமில் குடியேறிய சாமுவேல் லிங்கன், ஒரு நெசவாளரிடம் வேலைபார்த்த பையன். பயணிகள் பட்டியலில் அவன் பெயர் 'லிங்கோர்ன்', வயது 18. திருச்சபைப் பதிவின்படியோ 1622 ஆகஸ்டில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தை, அதாவது 15 வயதுகூட நிரம்பவில்லை. மூன்று வயதுக்கு மேல் கூட்டிச் சொன்னது பையனா, எழுதியவரா என்பதை யார் கண்டார்! சாமுவேலிலிருந்து இரண்டு மார்டெகாய்கள், ஒரு ஜான், ஓர் ஆபிரகாம், பிறகு தாமஸ் என்று சங்கிலி இறங்குகிறது. குவேக்கர் என்ற செவிவழிச் செய்தியும் அப்படியே நிற்கவில்லை. பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் கவுன்டியில் இந்த வம்சத்தின் ஒரு கிளையில் வந்த இன்னோர் ஆபிரகாம் லிங்கனை மணந்துகொண்ட ஆன் பூன் என்ற பெண்ணை, சபையில் சேராதவரை மணந்தார் என்பதற்காக எக்ஸிட்டர் குவேக்கர் சபை கண்டித்து எழுதி வைத்திருக்கிறது. பெண் வீட்டார்தான் குவேக்கர்கள். கண்டனக் குறிப்பு ஒன்று இப்படி வம்ச வரலாற்றுக்குச் சாட்சியாகிறது.

தாத்தா ஆபிரகாமின் பெயர் கென்டக்கி நில ஆவணங்களில் 'லிங்க்ஹார்ன்' என்று கிடக்கிறது. சர்வேயர் காதில் விழுந்ததை எழுதினார், அவ்வளவுதான். லிங்கன் என்ற எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டு அட்டவணையைப் புரட்டுகிறவருக்கு அந்த 400 ஏக்கர் தட்டுப்படாது. இந்தத் துறையில் புதிதாக இறங்குகிறவர்கள் முதலில் உதற வேண்டிய பழக்கம், எழுத்துக்கூட்டலை நம்புவது. லிங்க்கர்ன், லிங்கான் என்றெல்லாம் ஒரே ஆள் வெவ்வேறு தாள்களில் வருவார். எழுத்துக்கூட்டலை விட அக்கம்பக்கத்து நிலக்காரர்களின் பெயர்களும் ஓடையின் பெயரும் உறுதியான அடையாளங்கள்.

1786 மே மாதம், ஜெஃபர்சன் கவுன்டியில் தன் நிலத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது இந்தத் தாத்தா பூர்வகுடியினரின் தாக்குதலில் கொல்லப்பட்டார். கூட இருந்த சிறுவன் தாமஸுக்கு ஏறக்குறைய எட்டு வயது. மூத்த மகன் மார்டெகாய் துப்பாக்கியால் ஒருவரைச் சுட்டுத் தம்பியைக் காப்பாற்றினார் என்ற கதை, தன் மனத்தில் மற்ற எல்லாவற்றையும் விட ஆழமாகப் பதிந்தது என்று பின்னாளில் லிங்கன் எழுதினார். கதையில் வருவது இவ்வளவு. இழவு வீட்டின் உள்ளே என்ன இருந்தது என்பதைச் சொல்வது நெல்சன் கவுன்டி நீதிமன்றத்தில் தாக்கலான சொத்துக் கணக்கு. குதிரைகள், கன்றோடு பசுக்கள், கொழு வைத்த ஏர், களைக்கொத்திகள், துப்பாக்கிகள், இறகு மெத்தைகள். கூடவே கைரம்பம், துளைபோடும் துரப்பணங்கள், மரம் இழைக்கும் இழுப்புக் கத்தி. ஒவ்வொன்றுக்கும் எதிரே பவுண்டு, ஷில்லிங், பென்ஸ். தாமஸின் கைக்குத் தச்சு வேலை எங்கிருந்து வந்தது என்று யோசிப்பவர்கள் அந்தத் துரப்பணங்களின் வரியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போவார்கள். அது ஊகம்தான், ஆதாரம் அல்ல.

ஆதாரமாக நிற்பது வேறொன்று. ஆபிரகாம் உயில் எழுதாமல் இறந்தார். அப்போது கென்டக்கி வர்ஜீனியாவின் பகுதி. உயில் இல்லாவிட்டால் நிலம் முழுக்க மூத்த மகனுக்கே என்ற பழைய ஆங்கிலேய முறையை வர்ஜீனியா ஒழித்துவிட்டது. ஆனால் புதிய சட்டம் 1787 ஜனவரி 1 முதல்தான் அமலுக்கு வந்தது. ஏழெட்டு மாத வித்தியாசத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கர் மூத்தவர் மார்டெகாய்க்குப் போயிற்று. இளையவர்களான ஜோசையாவுக்கும் தாமஸுக்கும் நிலத்தில் பங்கில்லை. தன் அப்பா கூலி வேலைக்கு அலைந்து வளர்ந்த பையன், படிப்பு என்று எதுவும் இல்லை, தட்டுத்தடுமாறிக் கையெழுத்துப் போடுவதோடு சரி என்று 1860-இல் தேர்தலுக்கான வாழ்க்கைக் குறிப்பில் லிங்கன் சொன்னதில் ஒரு கசப்பு இருக்கிறது. அந்த வறுமைக்கு அப்பாவின் குணத்தைக் காரணம் காட்டிய எழுத்தாளர்கள், சட்டம் அமலான தேதியைப் பார்க்க மறந்தார்கள்.

பங்கில்லாமல் போன இளைய மகன் வரிப் பட்டியலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தலைகாட்டுகிறார். முதலில் வெறும் ஆள்தலை, பிறகு ஒரு குதிரை, பிறகு நிலம். 1803 செப்டம்பரில் ஹார்டின் கவுன்டியில் மில் கிரீக் ஓடையோரம் 238 ஏக்கரை 118 பவுண்டுக்கு வாங்கினார். அந்த வயதில் கையில் அவ்வளவு தொகை சேர்த்தவரைச் சோம்பேறி என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். 1806-இல் எலிசபெத்டவுனில் பிளீக்லி, மான்ட்கோமரி கடைக்காரர்களுக்காகச் சரக்குப் படகை மிசிசிப்பி வழியாக நியூ ஆர்லியன்ஸ் வரை ஓட்டிக்கொண்டு போனார். அந்தக் கடையின் பேரேட்டில் அவர் பெயரில் வரவு விழுகிறது. அடுத்து, கல்யாணத்தை ஒட்டிச் செலவுகள்: துணி, பொத்தான், பட்டு நூல், அரை செட் கத்தியும் முள்கரண்டியும். மரத்தட்டில் கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லைப்புறத்தில் ஒரு தச்சர் புது மனைவிக்காகக் கத்தியும் முள்கரண்டியும் வாங்குகிறார். அவர்களுடைய குடித்தனத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிக நெருக்கமான தகவல் இந்தக் கடைக் கணக்குதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த ஆண்டு, டென்டன் ஜியோகெகன் என்ற வசதிக்காரருக்கு மர அறுவை ஆலை கட்ட உத்தரங்கள் செதுக்கிக் கொடுத்தார். கூலி வரவில்லை. தாமஸ் வழக்குப் போட்டார், ஜெயித்தார். மரம் அளவுக்குச் சரியாக இல்லை என்று ஜியோகெகன் எதிர்வழக்குப் போட்டும் பலிக்கவில்லை. ஜூரி, கைதிகளுக்குக் காவல், 1816-இல் சாலைப் பராமரிப்புக்கு மேற்பார்வை என்று கவுன்டி அவரிடம் வேலைகளை ஒப்படைத்துக்கொண்டே இருந்தது. அந்தப் பட்டியலில் சங்கடமான வரி ஒன்றும் உண்டு: அனுமதியில்லாமல் நடமாடும் அடிமைகளைப் பிடிக்கும் ரோந்துப் படையிலும் சில மாதம் இருந்திருக்கிறார். அடிமைத்தளையை ஒழித்தவரின் அப்பா என்பதால் இந்த வரியை மறைக்கத் தேவையில்லை, அதைப் பெரிதாக்கவும் தேவையில்லை. அந்த ஊரில் ரோந்து என்பது சாலை போடுவதைப் போலக் கவுன்டி நியமித்த கடமை. 1814 வரிப் பட்டியலில் சொத்துள்ளவர்கள் 98 பேர், அதில் தாமஸ் லிங்கன் 15-ஆவது இடம். ஏழை என்று சொல்ல அதற்குப் பிறகு இடமில்லை.

இனி கல்யாணப் பதிவுக்கு வரலாம். தாமஸுக்கும் நான்சி ஹேங்ஸுக்கும் திருமணம் நடந்ததா என்ற கேள்வி அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் உலவிய வம்பு. அதற்கு ஒரு காரணம், தேடியவர்கள் தவறான கட்டடத்தில் தேடியது. பிள்ளைகள் பிறந்தது ஹார்டின் கவுன்டியில், எனவே திருமணமும் அங்கேயே பதிவாகியிருக்கும் என்று நினைத்தார்கள். 1860-இல் எலிசபெத்டவுன் நீதிமன்றக் குமாஸ்தா சாமுவேல் ஹேகிராஃப்ட் தன் பதிவேடுகளைப் பார்த்துவிட்டு, சாரா புஷ் தானே உங்கள் தாயார் என்று கேட்டு லிங்கனுக்கு எழுதினார். அவருக்குக் கிடைத்தது 1819 திருமணம். அது அப்பாவின் இரண்டாவது மனைவி, என் அம்மா நான்சி ஹேங்ஸ் என்று லிங்கன் பொறுமையாகத் திருத்தினார். நான்சியின் கல்யாணம் ஹார்டின் கட்டுகளில் இல்லவே இல்லை. இல்லாத தாளின் இடத்தை வதந்தி நிரப்பியது. லிங்கனின் உண்மையான தகப்பன் இவர், அவர் என்று ஆள் ஆளுக்கு ஒரு பெயரைச் சொன்னார்கள். அவர் கொலையுண்ட பிறகு இந்தப் பேச்சு இன்னும் கூடியது.

1878 வாக்கில், பக்கத்து வாஷிங்டன் கவுன்டியின் ஸ்பிரிங்ஃபீல்டு நீதிமன்றத்தில் குமாஸ்தா புக்கர் பழைய கட்டுகளிலிருந்து அந்தப் பத்திரத்தை எடுத்தார். வழக்கப்படி மணமகள் வீட்டுக் கவுன்டியில்தான் பிணைப் பத்திரம் எழுதுவார்கள். நான்சி வாழ்ந்தது ரிச்சர்ட் பெர்ரி வீட்டில், வாஷிங்டன் கவுன்டியில். பெண் வீட்டைத் தேடாமல் மாப்பிள்ளை ஊரையே துழாவிக்கொண்டிருந்ததில் ஒரு தலைமுறை போய்விட்டது.

1806 ஜூன் 10 தேதியிட்ட பிணை அது. இந்தக் கல்யாணத்துக்குச் சட்டத் தடை ஏதுமில்லை, இருந்தால் 50 பவுண்டு கட்டுகிறோம் என்பதே சாரம். காசு முன்கூட்டிக் கட்டுவதில்லை, பொறுப்புக் கட்டுவது மட்டும். கீழே தாமஸ் லிங்கன் தன் கையாலேயே ஒப்பமிட்டிருக்கிறார். அடுத்த பெயர் ரிச்சர்ட் பெர்ரி. மணமகளுக்குப் பாதுகாவலர் என்பதைக் காதுக்கு வந்தபடி எழுதப் போக, அந்த ஆங்கிலச் சொல் தோட்டம் என்பதுபோல ஆகிவிட்டது. இரண்டு நாள் கழித்து, ஜூன் 12 அன்று மெதடிஸ்ட் போதகர் ஜெஸ்ஸி ஹெட் திருமணத்தை நடத்தினார். அவர் நடத்திவைத்த கல்யாணங்களைப் பட்டியலிட்டு 1807 ஏப்ரலில் நீதிமன்றத்தில் ஒப்படைத்த தாளிலும் இந்த ஜோடி இருக்கிறது. பிணை என்பது கல்யாணம் செய்யும் எண்ணத்துக்குத்தான் சாட்சி, போதகரின் பட்டியல்தான் நடந்ததற்குச் சாட்சி. இரண்டும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். மூத்த பெண் சாரா 1807 பிப்ரவரி 10-இல் பிறந்தாள், ஆபிரகாம் 1809 பிப்ரவரி 12-இல். வம்புக்கு அத்தோடு கணக்குத் தீர்ந்தது, அல்லது தீர்ந்திருக்க வேண்டும்.

இவ்வளவு உழைத்துச் சேர்த்த நிலம் தாமஸ் கையில் ஏன் நிற்கவில்லை? நம் ஊரில் வில்லங்கச் சான்றிதழுக்கு அலைந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கென்டக்கியில் அரசு முதலில் அளந்து பிறகு விற்கவில்லை. வாங்கியவர் தனக்குப் பிடித்த இடத்தைத் தானே அளந்துகொண்டார். ஓக் மரம், ஓடை வளைவு, ஒரு கல் ஆகியவை எல்லைகள். மரம் விழுந்தது, ஓடை திரும்பியது, ஒரே மண்ணுக்கு மூன்று பேரிடம் பத்திரம் இருந்தது. மில் கிரீக் நிலத்தில் சர்வேப் பிழையால் 38 ஏக்கர் கழிந்தது. 1814-இல் மீதி 200 ஏக்கரை 100 பவுண்டுக்கு விற்றார், வாங்கியதை விடக் குறைவு. ஆபிரகாம் பிறந்த சிங்கிங் ஸ்பிரிங் நிலம், 1808 டிசம்பரில் 200 டாலர் ரொக்கம் கொடுத்து வாங்கியது, முந்தைய உரிமையாளரின் கடன் வழக்கில் சிக்கிப் பறிபோனது. மூன்றாவதாக நாப் கிரீக்கில் குடியிருந்தபோது, ஃபிலடெல்பியாவைச் சேர்ந்த மிடில்டன் என்பவரின் வாரிசுகள், அந்தப் பள்ளத்தாக்கை உள்ளடக்கிய 10,000 ஏக்கர் தங்களுடையது என்று குடியானவர்களை வெளியேற்ற வழக்குத் தொடுத்தார்கள். தாமஸின் வழக்கை மாதிரியாக எடுத்து நடத்தினார்கள். 1818-இல் தாமஸ் பக்கம் தீர்ப்பானது. அதற்குள் அவர் 1816 டிசம்பரிலேயே குடும்பத்தோடு ஒஹையோ ஆற்றைக் கடந்து இண்டியானாவுக்குப் போய்விட்டிருந்தார்.

இண்டியானா மண்ணை மத்திய அரசு முன்கூட்டியே சதுரம் சதுரமாக அளந்து வைத்திருந்தது. ஆறு மைல் சதுரம் ஒரு டவுன்ஷிப், அதில் 640 ஏக்கர் கொண்ட 36 பிரிவுகள். யார் எங்கே என்பதில் சண்டைக்கு இடமில்லை. 1817 அக்டோபரில் வின்சென்ஸ் நில அலுவலகத்தில் 160 ஏக்கருக்குத் தாமஸ் பெயர் பதிந்தார். விலை ஏக்கருக்கு 2 டாலர். முதலில் 16 டாலர், பிறகு 64 டாலர் கட்டினார். மீதித் தவணை கட்ட முடியாமல், பாதி நிலத்தை அரசிடம் திருப்பிக் கொடுத்து, கட்டிய தொகையை மறுபாதிக்கு ஈடாக்கி, 1827-இல் 80 ஏக்கருக்குப் பட்டா வாங்கினார். கென்டக்கியை விட்டதற்கு அடிமைமுறை ஓரளவு காரணம், நிலப் பத்திரத் தகராறுதான் முக்கியக் காரணம் என்று மகன் சொன்னதை இந்தக் கட்டுகள் வரிக்கு வரி உறுதி செய்கின்றன. நாடோடி என்று பெயர் எடுத்தவர் தேடிப் போனது வில்லங்கமில்லாத ஒரு பட்டாவைத்தான்.

வீட்டுப் பெண்கள் இந்தத் தாள்களில் மிக மெல்லிய கோடுகளாகத்தான் இருக்கிறார்கள். மணமான பெண்ணுக்குத் தனிச் சொத்துரிமை கிடையாது, எனவே எழுதுவதற்கும் ஒன்றும் இல்லை. மில் கிரீக் நிலத்தை விற்றபோது மனைவியின் சம்மதம் சட்டப்படி வேண்டும் என்பதால் நான்சி வருகிறார். கையெழுத்துக்குப் பதில் ஒரு குறி. தாமஸ் தட்டுத்தடுமாறியேனும் பெயரை எழுத, அருகில் நான்சியின் கீறல். அவருக்குப் படிக்கத் தெரியும் என்று உறவினர்கள் பின்னாளில் சொன்னார்கள். அந்தக் காலத்தில் வாசிக்கப் பழகிய பலர் எழுதப் பழகவில்லை, இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. 1818 அக்டோபர் 5-இல், விஷச்செடி தின்ற பசுவின் பாலால் வரும் நோயில் நான்சி இறந்தார். அந்த இறப்புக்கு அரசுப் பதிவு ஏதும் கிடையாது. கல்லறைக்கு முறையான கல் 1879-இல்தான் வந்தது. ஓராண்டில் தாமஸ் எலிசபெத்டவுன் போய், மூன்று பிள்ளைகளோடு விதவையாயிருந்த சாரா புஷ் ஜான்ஸ்டனை மணந்து அழைத்து வந்தார். இந்தச் சாராவும் தாமஸும் 1823-இல் பிஜன் கிரீக் பாப்டிஸ்ட் சபையில் சேர்ந்ததும், மகள் சாரா 1826-இல் சேர்ந்ததும் சபைக் குறிப்பேட்டில் உள்ளன. ஆபிரகாம் சேரவே இல்லை. அந்த மகள் அதே 1826-இல் ஆரன் கிரிக்ஸ்பியை மணந்து, 1828 ஜனவரியில் பிரசவத்தில் போய்விட்டாள்.

இன்னொரு பிள்ளையும் இருந்தது. நாப் கிரீக்கில் பிறந்து பச்சிளம் வயதிலேயே இறந்த தம்பி. லிங்கன் 1860 குறிப்பில் ஒரு வரியில் சொன்னதைத் தவிர எழுத்தில் எதுவும் இல்லை. 1851-இல் தாமஸ் இறந்தபின் குடும்ப பைபிளில் பிறப்பு, மணம், இறப்புகளை லிங்கன் தன் கையால் எழுதினார். அந்த ஏட்டைப் பிறகு யாரோ கிழித்தெடுத்தார்கள். அது நான்சியின் உறவினர் டென்னிஸ் ஹேங்ஸின் சட்டைப்பையில் கிடந்து மடிப்பு மடிப்பாகத் தேய்ந்து, பாதி எழுத்து போயிற்று. 1933-இல் நாப் கிரீக் அருகே ஒரு பழைய குடும்பக் கல்லறையில், தா. லி. என்பதற்கான ஆங்கில முதலெழுத்துகள் செதுக்கிய சிறு கல் மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்டது. அது அந்தக் குழந்தை தாமஸின் கல் என்று கருதுகிறார்கள்.

தாமஸின் சொத்தை எண்ணிச் சொல்லும் அதே ஹார்டின் கவுன்டி வரிக் கணக்கில், 1811-இல் 16 வயதுக்கு மேற்பட்ட வெள்ளை ஆண்கள் 1,627 பேர். அடிமைகள் 1,007 பேர். வரி கட்டியவர்களுக்குப் பெயர் உண்டு. இந்த 1,007 பேருக்கு எதிரே வரி விதிப்புக்கான எண்ணிக்கை மட்டும். 1850 கணக்கெடுப்பிலும் சுதந்திர மனிதர்கள் அனைவரின் பெயரையும் எழுதிய கைகள், அடிமைகளுக்குத் தனி அட்டவணை போட்டு வயது, பால், நிறம் என்று குறித்து உடைமையாளர் பெயரின் கீழ் வரிசைப்படுத்தின. அவர்களுடைய கொள்ளுப்பேரன் பேத்திகள் இன்று தேடும்போது, எஜமானின் உயிலையும் அடமானப் பத்திரத்தையும் ஏலக் கணக்கையும்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. தாமஸைப் பற்றி இவ்வளவு தெரிவதே அவருக்குக் கொஞ்சம் நிலம் இருந்ததால்தான்.

நான்சி யாருடைய மகள் என்பதற்கு விடை தேடியவர்கள் இந்தப் பதிவுகளிடம் நன்றாக ஏமாந்தார்கள். 1793-இல் நெல்சன் கவுன்டியில் ஜோசப் ஹேங்ஸ் என்பவர் உயில் எழுதினார். மகன்களுக்குக் குதிரை, மகள்களுக்குக் கிடாரி. அதில் மகள் நான்சிக்குப் பீடி என்ற பெயருள்ள ஓராண்டுக் கிடாரி. கரோலின் ஹிட்ச்காக் 1899-இல் இதைப் பிடித்துக்கொண்டு, இவள்தான் லிங்கனின் தாய் என்று ஒரு நூலே எழுதினார். மாட்டுக்குப் பெயர் இருக்கும் அளவுக்கு உயிரோட்டமான உயில், யாருக்குத்தான் விட மனம் வரும்? ஆனால் அந்த நான்சி வேறு. அவர் டென்னிஸ் ஹேங்ஸின் தாய், பின்னாளில் லீவை ஹாலை மணந்தவர். ஒரே வட்டாரத்தில் ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் இருக்கும்போது, முதலில் கிடைத்தவரையே நம் ஆள் என்று எடுத்துக்கொள்வது இந்தத் தேடலில் தீராத வியாதி.

லிங்கனின் சட்டக் கூட்டாளி ஹெர்ன்டன் வேறொன்று சொன்னார். 1850 வாக்கில் குதிரை வண்டியில் ஒரு வழக்குக்காகப் போகும் வழியில், தன் தாய் நான்சி லூசி ஹேங்ஸுக்குத் திருமணமாகாமல் பிறந்தவர், தகப்பன் வர்ஜீனியாவின் வசதியான தோட்டக்காரர் ஒருவர் என்று லிங்கன் தன்னிடம் சொன்னதாக அவர் எழுதினார். குடும்பத்துக்கு வேண்டியவர்கள் கொதித்தார்கள். பதிவேடு என்ன சொல்கிறது? 1789 நவம்பரில் மெர்சர் கவுன்டி ஜூரி லூசி ஹேங்ஸ் மீது ஒழுக்கக்கேட்டுக் குற்றம் சாட்டியிருக்கிறது. 1790 ஏப்ரலில் ஹென்றி ஸ்பாரோ அவரை மணப்பதாகப் பிணை எழுதுகிறார். பெண்ணுக்காக அப்பாவோ அண்ணனோ சம்மதக் கடிதம் கொடுக்கும் வழக்கத்துக்கு மாறாக, தனக்கு வயது வந்துவிட்டது என்று லூசி தானே எழுதி ஒப்பமிட்டிருக்கிறார். மகள் நான்சி கீறல் போட்ட குடும்பத்தில் தாய்க்கு எழுத்து தெரிந்திருக்கிறது. ஊரும் நீதிமன்றமும் ஒருசேர விரலை நீட்டிய நேரத்தில் தன் பெயரைத் தானே எழுதிக் கொடுத்த அந்தப் பெண்ணின் மீது, லிங்கன் வரலாற்றின் எந்தப் பாத்திரத்தை விடவும் எனக்கு மரியாதை அதிகம்.

2015-இல் வெளியான ஆய்வு ஒன்று, ஹேங்ஸ் குடும்பத்தில் தாய் வழியாகவே இறங்கி வந்த வாரிசுகளின் மரபணுவை ஒப்பிட்டது. தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும் மைட்டோகாண்ட்ரிய மரபணுவில் அரிதான ஒரு வகை இரு கிளைகளிலும் பொருந்தியது. நான்சி லூசியின் மகள்தான் என்ற முடிவுக்கு அது வலு சேர்த்தது, ஹெர்ன்டன் சொன்னதில் பாதி நின்றுவிட்டது. மறுபாதியான அந்த வர்ஜீனியாத் தோட்டக்காரர், தாய்வழி மரபணுவில் அகப்பட மாட்டார். அவரைச் சுட்டும் உயிலோ, ஜீவனாம்ச வழக்கோ, சபைக் கண்டனமோ எதுவும் கிடைக்கவில்லை. லூசியின் குடும்பம் வர்ஜீனியாவில் எந்தக் கவுன்டியில் இருந்தபோது நான்சி பிறந்தார் என்பதிலேயே ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.